நிகழ்வு ஆய்வு: கிளிநொச்சியில் ஒரு திருமண வீடியோ நிலையத்துக்குக் கணினிப் பாகங்கள் தெரிவு செய்தமை

பின்னணி

கிளிநொச்சி நகரிலிருந்து சற்று உள்ளே, ஏ9 வீதிக்குக் கிழக்கே, ஒரு வீட்டின் முன்னறையில் இந்த வீடியோ நிலையம் இயங்குகிறது. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா ஆகியவையே வேலை. நடத்துபவர் முப்பது வயதைத் தாண்டிய இளைஞர். அவரிடம் மூன்று கமெராக்கள் இருந்தன. படத்தொகுப்புக்கு ஒரே ஒரு கணினி. வாடிக்கையாளரில் பெரும்பகுதியினர் கனடா, சுவிஸ், லண்டனிலிருந்து சில கிழமை விடுமுறையில் வந்து நிகழ்வை நடத்திவிட்டுத் திரும்புபவர்கள். அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் வீடியோவைக் கொடுத்துவிட்டால் முழுப் பணமும் வந்துவிடும். கொடுக்க முடியாமல் போனால் மீதிப் பணம் மாதக்கணக்கில் இழுபடும். எனவே கணினி மெதுவாக இருப்பது அவருக்கு நேரடியான நட்டம்.

மார்கழியில் திருமணங்கள் இல்லை. அந்த ஓய்வில், 2024 டிசம்பர் நடுப்பகுதியில், புதிய கணினி ஒன்றைப் பூட்டித் தரும்படி என்னிடம் வந்தார். ஸ்காபரோவில் இருக்கும் தமையன் பன்னிரண்டு இலட்சம் ரூபா வரை தருவதாகச் சொல்லியிருந்தார். கையில் ஒரு பட்டியலும் இருந்தது: ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் அட்டை, ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் புரொசசர், கண்ணாடிக் கேசிங், வாட்டர் கூலர், வண்ண விளக்குகள். மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் கிராபிக்ஸ் அட்டைக்கே போனது. மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் தாங்கும் யூபிஎஸ் பட்டியலில் இல்லை. காணொளிகளைச் சேமிக்கும் வன்தட்டும் இல்லை.

"அண்ணை, பெரியதாகவே வாங்கிவிடுவோம். பிறகு ஐந்து வருடத்துக்குத் தொடத் தேவையில்லை" என்றார். அவசரம் நியாயமானது. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும்.

பழைய கணினியில் கண்டது

புதியதைப் பற்றிப் பேசுவதற்கு முன் பழையது ஏன் தடுமாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். அது அப்படியொன்றும் பழைய கணினி அல்ல. எட்டு கோர் ரைசன் 7 5800எக்ஸ், 32 ஜிபி ரேம், 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060. படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் கட்டணப் பதிப்பையே பாவித்தார்.

முந்தைய ஆவணித் திருமணம் ஒன்றைத் திறந்து ஓடவிட்டோம். தாலி கட்டும் இடத்தில் படம் நின்று நின்று நகர்ந்தது. பக்கத்தில் டாஸ்க் மானேஜரைத் திறந்து வைத்திருந்தேன். புரொசசர் நூறு வீதத்தில் நின்றது. கிராபிக்ஸ் அட்டையின் பகுதியில் 'வீடியோ டிகோட்' என்ற வரைபு மட்டும் பூச்சியத்தில் தட்டையாகக் கிடந்தது. அட்டை களைத்துப் போகவில்லை. காணொளியைப் பிரித்துக் காட்டும் வேலையே அதனிடம் போகவில்லை.

காரணம் கமெராவின் அமைப்பில் இருந்தது. மூன்று கமெராக்களும் எச்.265 என்ற சுருக்க முறையில், 10 பிட், 4:2:2 நிறத் தகவலோடு பதிவு செய்தன. 4:2:2 இல் உள்ள நிறத் தகவல் வழமையான 4:2:0 இல் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. இதை அவர் தெரிந்தே தெரிவு செய்திருந்தார். மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் கூறைச் சேலையின் சிவப்பு திட்டுத்திட்டாகக் கெடுகிறது, 4:2:2 இல் எடுத்தால் நிறம் திருத்தும்போது தாங்குகிறது என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையில் சுருக்கிய காணொளியைப் பிரிக்கும் பகுதியான டிகோடர் 4:2:2 ஐப் பிரிக்காது. அவர் வாங்க நினைத்த 4090 அட்டையின் டிகோடரும் பிரிக்காது. ரைசன் 9 7950எக்ஸ் புரொசசரோடு வரும் சிறிய கிராபிக்ஸ் பகுதியும் பிரிக்காது. இன்டெல் புரொசசர்களில் 11ஆம் தலைமுறை முதல், உள் கிராபிக்ஸோடு சேர்ந்து வரும் குயிக் சிங்க் என்ற டிகோடர் பகுதி பிரிக்கும்.

சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். அவருடைய மருமகள் அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கிறார். அவரிடம் 12ஆம் தலைமுறை ஐ5 மடிக்கணினி ஒன்று இருந்தது. தனிக் கிராபிக்ஸ் அட்டை எதுவும் கிடையாது. அதே கோப்பை அதில் போட்டபோது தாலி கட்டும் காட்சி தடங்கல் இல்லாமல் ஓடியது. நிலையக்காரர் ஒன்றும் பேசவில்லை. பிறகு அதே கோப்பை 4:2:0 ஆக மாற்றிப் பழைய கணினியில் போட்டேன். தட்டையாகக் கிடந்த வரைபு எழுந்தது, படம் சீராக ஓடியது. பன்னிரண்டு இலட்சம் செலவழித்திருந்தாலும் அதே இடத்தில் அதே தடுமாற்றம் தொடர்ந்திருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. 7950எக்ஸின் 16 கோர்கள் கொஞ்சம் முட்டுக்கொடுத்திருக்கும், அவ்வளவுதான்.

சுவரில் கண்டது

வன்னியில் கணினி பூட்டுகிறவன் பிளக் பொயின்றை அளக்காமல் பவர் சப்ளையைத் தெரிவு செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இலங்கையில் மின்சாரம் 230 வோல்ற். கூடக் குறைய 6 வீதம் அனுமதி. அதாவது 216 க்குக் கீழே போகக்கூடாது. அந்த வீடு மின்மாற்றியிலிருந்து தொலைவில், வரிசையின் கடைசிப் பக்கம் இருக்கிறது. பகலில் 226 காட்டிய மீற்றர், ஊரெல்லாம் விளக்குப் போடும் முன்னிரவில் 197 க்கு இறங்கியது.

அதைவிடக் கவலை தந்தது எர்த். கணினிக் கேசிங்கின் திருகாணியைத் தொட்டால் மெல்லியதாகக் கரண்ட் அடிப்பதாகச் சொன்னார். செருப்போடு வேலை செய்து பழகியிருந்தார். கேசிங்கின் இரும்பில் ஒரு முனையும் வெளியே ஈர நிலத்தில் குத்திய கம்பியில் மறுமுனையுமாக மீற்றரை வைத்தபோது 110 வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டியது. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறிய மின்தேக்கிகள் இரண்டு, உயிர்க் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையில் ஒன்றும் நடுநிலைக் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையில் ஒன்றுமாக இருக்கும். எர்த் நிலத்தோடு சேராவிட்டால் கேசிங் முழுவதும் வரும் மின்னழுத்தத்தின் பாதியில் மிதக்கும். பிளக் பொயின்றைக் கழற்றிப் பார்த்தோம். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. அவர் பாவித்த மின்னல் பாதுகாப்புப் பலகையும், மிகை மின்னழுத்தத்தை அனுப்ப எர்த் இல்லாமல், பாதி வேலைக்கும் உதவாத நிலையில் இருந்தது. ஐப்பசியில் இடி முழங்கும் ஊரில் இது சிறிய விடயமல்ல.

முன்னொரு தடவை செத்துப்போன பவர் சப்ளை ஒன்றை அவர் எறியாமல் வைத்திருந்தார். திறந்தபோது உயர் மின்னழுத்தப் பக்கத்தில் கருகிய பல்லி ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. பின்பக்கத்தில் மூடாமல் விட்ட இடைவெளியால் உள்ளே போயிருக்கிறது. அறைக்குச் சீற் கூரை; மத்தியானத்தில் உள்ளே 34 பாகை. ஜன்னலுக்கு வெளியே செம்மண் ஒழுங்கை.

எடுத்த முடிவுகள்

புரொசசர். இன்டெல் என்பது முடிவான பிறகு, கடையிலிருந்து முதலில் வந்த ஆலோசனை கோர் ஐ9-14900கே. மறுத்தேன். 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிப் புரொசசர்கள் நாளடைவில் நிலைகுலைவதை 2024 இல் இன்டெல்லே ஏற்றுக்கொண்டு, திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் பிழைத்த புரொசசரை மாற்ற முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் கொழும்புக்குப் போய்வர வேண்டியவருக்கு அந்த ஆபத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஒக்டோபரில் வந்திருந்த கோர் அல்ட்ரா 7 265கே தெரிவானது. 20 கோர்கள், விளையாட்டுகளில் முந்தையதைவிடப் பெரிதாக முன்னேறவில்லை என்ற விமர்சனம் இருந்தது, படத்தொகுப்புக்கு அது பொருட்டல்ல. ஏஎம்டியின் ஏஎம்5 தளத்தில் பின்னாளில் புரொசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி கூடுதலாக இருக்கும் என்பதையும் அவருக்குச் சொன்னேன். இழக்கிறோம் என்று தெரிந்தே இழந்தோம்.

கொழும்பிலிருந்து வந்த விலைப்பட்டியலில் '265கேஎஃப்' என்று இருந்தது. விலை சற்றுக் குறைவு. கடைசியில் வரும் அந்த எஃப், உள்ளே கிராபிக்ஸ் பகுதி இல்லை என்பதைக் குறிக்கிறது. அது இல்லையென்றால் குயிக் சிங்க்கும் இல்லை. சில ஆயிரம் ரூபா மிச்சத்துக்காக இந்தத் தெரிவின் முழுக் காரணமும் போயிருக்கும். கடைக்காரரில் குற்றம் சொல்ல முடியாது. தனி அட்டை போடும் ஒருவருக்கு உள் கிராபிக்ஸ் எதற்கு என்று அவர் நினைத்திருப்பார். பட்டியலைத் திருத்தி மீண்டும் வாங்கினோம்.

கிராபிக்ஸ் அட்டை. நிறம் திருத்துதல், இரைச்சல் நீக்குதல் ஆகியவற்றுக்கு ரிசால்வ் கிராபிக்ஸ் அட்டையைக் கடுமையாகப் பாவிக்கும். ஆகவே அட்டையைச் சிறிதாக்கவும் முடியாது. 16 ஜிபி நினைவகமும் 285 வாட் தேவையும் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ சூப்பர் போதும் என்று தீர்மானித்தோம். 4090 மட்டும் 450 வாட் கேட்கும். இரண்டு அட்டைகளின் விலை வித்தியாசத்தில் மிஞ்சிய பணம் யூபிஎஸ்சுக்கும் சேமிப்புக்கும் போனது. புதிய 50 வரிசை அட்டைகள் வரப்போகின்றன என்ற பேச்சு அப்போதே இருந்தது. காத்திருக்கலாமா என்று கேட்டார். தை முதல் கிழமைக்கே ஒப்பந்தங்கள் இருந்ததால் காத்திருக்கவில்லை.

சேமிப்பு. மூவரும் பேசியதில் அதிக நேரம் இதற்கே போனது; மூன்றாமவர் தொலைபேசியில் தமையன். விநாடிக்கு 200 மெகாபிட் பதிவாகும் கமெரா ஒரு மணிநேரத்தில் 90 ஜிபி நிரப்பும். மூன்று கமெராவிலும் சேர்த்துப் பத்து மணிநேரம் பதிவானால் ஒரே திருமணத்துக்கு 900 ஜிபி. அதுவரை அவர் சிறிய வெளி வன்தட்டுகளில் ஒரேயொரு பிரதி வைத்திருந்தார். அதில் ஒன்று கீழே விழுந்து ஒரு குடும்பத்தின் காணொளியே போயிருக்கிறது. அந்தத் தாயாருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இருந்த கதையைச் சொல்லும்போது அவருடைய குரல் மாறியது. இயங்குதளத்துக்கு 1 டிபி, நடப்பு வேலைக்கு 4 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை), பிரதிகளுக்கு 12 டிபி வன்தட்டு இரண்டு என்று முடிவானது. வன்தட்டுகளில் ஒன்று பரந்தனில் உள்ள தமக்கையின் வீட்டில் இருக்கும். கிழமைக்கு ஒருமுறை மாற்றப்படும்.

ரேம் 64 ஜிபி, இரண்டு 32 ஜிபி துண்டுகளாக. நான்கு துண்டுகள் போட்டால் டிடிஆர்5 வேகம் இறங்கும் என்பதால் இரண்டு.

குளிர்விப்பு, கேசிங். வாட்டர் கூலர் வேண்டாம் என்றேன். பம்ப் நின்றால் மாற்று கிளிநொச்சியில் கிடைக்காது. காற்றுக் குளிர்விப்பானில் பழுதாகக்கூடியது விசிறி மட்டுமே, அது நகரில் கிடைக்கும். இரட்டைக் கோபுர வகை ஒன்றை எடுத்தோம். முன்பக்கம் முழுவதும் வலையும் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டியும் உள்ள கேசிங் தெரிவானது. உள்ளே தள்ளும் விசிறிகள் வெளியே இழுப்பவற்றைவிடக் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி உள்ளே இழுபடாது. கண்ணாடியும் விளக்குகளும் போனதில் அவருக்கு வருத்தம்தான். வரும் வாடிக்கையாளர் கணினியைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள் என்றார். அவருடைய தொழிலில் அது பொய்யல்ல; அதனால் அறை விளக்கை மாற்றிக்கொள்ள ஒரு சிறு தொகை ஒதுக்கினோம்.

மின்சாரம். 850 வாட், கோல்ட் தரம், ஏடிஎக்ஸ் 3.1 பவர் சப்ளை. யூபிஎஸ் 1500 விஏ, 900 வாட், சுத்தமான சைன் அலை, மின்னழுத்தத்தைத் தானாகச் சீராக்கும் வகை. விஏ எண்ணைப் பார்த்து வாங்கி ஏமாறுகிறவர்கள் இங்கே அதிகம். தாங்கக்கூடிய சுமை வாட்டில்தான் இருக்கிறது. முழுச் சுமையில் இந்தக் கணினி திரையோடு சேர்த்து 600 வாட் அளவில் இழுக்கும் என்று கணக்கிட்டோம். எல்லாவற்றுக்கும் முன்னதாக, மின் இணைப்பாளர் ஒருவரை அழைத்து புதிய செப்புக் கம்பி இறக்கி, அந்த அறைக்குத் தனி எர்த் இழுக்க வைத்தோம். பன்னிரண்டு இலட்சத்தில் மிகக் குறைந்த செலவு அதுதான். மிக அவசியமானதும் அதுதான்.

கனடாவிலிருந்து பாகங்களை அனுப்பலாம் என்ற தமையனின் யோசனையைக் கைவிட்டோம். அங்கே வாங்கியதன் உத்தரவாதம் இங்கே செல்லாது என்பதே காரணம்.

பூட்டிய பின்

தைப்பொங்கலுக்கு முந்தைய கிழமையில் கணினி தயாரானது. முதல் ஓட்டத்தில் அதே தாலி கட்டும் காட்சி பழையபடி தடுமாறியது. அவருடைய முகம் கறுத்துவிட்டது. தனி அட்டை பூட்டியதும் மதர்போர்ட் உள் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிட்டிருந்தது. மதர்போர்டின் அடிப்படை அமைப்பான பயோஸில் அதை இயக்கி, இன்டெல் டிரைவரைப் போட்டு, ரிசால்வின் அமைப்பில் டிகோட் செய்ய குயிக் சிங்க்கைத் தெரிவு செய்ததும் சரியானது. இந்த மூன்றையும் செய்யாமல் விட்டு, புரொசசர் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க நினைப்பவர்கள் இருக்கக்கூடும்.

இரண்டு கமெராக் காட்சிகளை ஒன்றாக ஓடவிட்டால் தடையில்லை. மூன்றையும் ஓடவிட்டால் இடையிடையே பிரேம் விழுகிறது. காட்டும் அளவைப் பாதியாக்கினால் பிரேம் விழுவது நின்றுவிடுகிறது. இதை அவரிடம் மறைக்கவில்லை. புரொசசரின் உச்ச மின்தேவையை 250 வாட்டிலிருந்து 160 க்குக் குறைத்து வைத்தேன். தொகுத்த வீடியோவைக் கோப்பாக எழுதி முடிக்கும் நேரத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மத்தியான வெக்கையிலும் வெப்பம் 80 பாகையை ஒட்டி நின்றது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் தள்ளியது. அந்நேரம் ஒரு திருமணக் காணொளி எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. யூபிஎஸ் பிடித்துக்கொண்டது. அவர் எழுதுவதை நிறுத்தி, வேலையைச் சேமித்து, கணினியை ஒழுங்காக அணைத்தார். அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டுகள் இருந்தும் கோப்பு எதுவும் கெடவில்லை.

வைகாசியில் கச்சான் காற்று தொடங்கியது. ஆடியில் வெப்பம் ஏறுகிறது என்று அழைத்தார். முன் வடிகட்டியைக் கழற்றினால் செம்மண் கம்பளிபோல் படிந்திருந்தது. கழுவியதும் வெப்பம் பழைய நிலைக்கு வந்தது. கச்சான் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுவதென்று ஒழுங்கு செய்தோம். நிலம் காய்ந்த அந்த மாதங்களில் எர்த்தின் தரமும் இறங்கியிருந்தது. செப்புக் கம்பியின் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை வீட்டார் இப்போது வழக்கமாக்கியிருக்கிறார்கள். ஆடி, ஆவணி விடுமுறைக் கூட்டத்தில், பயணத்துக்கு முன் கேட்டிருந்த எல்லோருக்கும் அவர் காணொளி கொடுத்துவிட்டார்.

இன்று தெரிவு செய்வதானால்

2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 50 வரிசையின் டிகோடர்கள் 4:2:2 ஐப் பிரிக்கின்றன. நாங்கள் வாங்கிய புரொசசரின் குயிக் சிங்க் தொடாத எச்.264 வகை 4:2:2 ஐயும் பிரிக்கின்றன. ஆகவே இன்று இதே வேலைக்கு 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ போட்டால் ஏஎம்டி புரொசசரையும் தயங்காமல் எடுக்கலாம், ஏஎம்5 தளத்தின் நீண்ட ஆயுளும் கூடவே கிடைக்கும். மூன்று கமெராக் காட்சிகளில் விழும் பிரேம்களும் குறையும் என்று எதிர்பார்க்கிறேன். ரேமின் விலை 2025 கடைசியில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதால், 64 ஜிபி வாங்குமுன் 32 இல் வேலை நடக்குமா என்று சோதித்துப் பார்க்கச் சொல்வேன். யூபிஎஸ், எர்த், வடிகட்டி, இரண்டு பிரதி ஆகியவற்றில் ஒன்றையும் மாற்ற மாட்டேன்.

புதிதாக எதுவும் வாங்க வழியில்லாத நிலையங்கள் முல்லைத்தீவிலும் மாங்குளத்திலும் உண்டு. சிலர் இதே தடுமாற்றத்தோடு என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வது: கமெராவின் மெனுவில் எச்.265 ஐயும் 10 பிட்டையும் அப்படியே வைத்து, 4:2:2 ஐ மட்டும் 4:2:0 ஆக மாற்றுங்கள். கூறையின் சிவப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். மணவறையில் வெளிச்சத்தைச் சரியாக வைத்தால் அதுவும் பெரும்பாலும் சமாளிக்கக்கூடியது. உங்களிடம் இப்போது இருக்கும் அட்டை அன்றே வேலை செய்யத் தொடங்கிவிடும்.